மூன்று நிமிடத் தண்ணீர்

போன வருஷம் புல்லை ஒட்ட வெட்டியிருந்தோம்.
காற்றும் விடுமுறையில் இருந்தது.
வந்தவன் எல்லாம் பர்டி அடித்தான்.
நாலாம் நாள் கோப்பையைத் தூக்கியவன்
இருபத்தாறு அண்டர்;
அவனுக்கே கொட்டாவி வருகிற மாதிரி ஒரு சிரிப்பு.
ஏடிஎம் நோட்டுத் துப்புவதை
டிக்கெட் வாங்கியா வேடிக்கை பார்ப்பார்கள்?
கைதட்டினார்கள்தான்,
கல்யாண மேடையில் யாரோ பேசி முடித்தால் தட்டுவோமே,
அந்தத் தட்டு.

இந்த வருஷம் ஹெண்ட்ரிக்
பம்பு அறைக்கே வந்து சொன்னான்:
ரஃப் நாலு அங்குலம் வளரட்டும்,
கிரீனுக்குத் தண்ணீர் நிறுத்து,
கொஞ்சம் கஷ்டப்படட்டும்.
கஷ்டம் என்ற சொல்லை
இத்தனை ஆசையாக ஒருவன் உச்சரித்து
வளைகுடாவுக்கு வந்த ஒன்பது வருஷத்தில்
நான் கேட்டதில்லை.

ராஸ் அல் கைமா குளித்த தண்ணீர்,
பாத்திரம் கழுவிய தண்ணீர்,
சுத்தமாகி என் வால்வுக்குத்தான் வந்து நிற்கும்.
மூன்று ராத்திரி அதை நிற்க வைத்தேன்.
கிரீன் முதலில் சாம்பல் பூத்தது,
அப்புறம் பளபளத்தது,
அப்புறம் குதிகாலால் தட்டினால்
மேஜையைத் தட்டுகிற சத்தம்.

ஆட்டத்தை நான் கண்ணால் பார்க்கிறவன் இல்லை.
பதினேழாம் குழிக்குப் பின்னால்
அரளி வேலிக்கு அப்பால் என் அறை.
கூட்டத்தின் 'ஓ' வரும்.
மேலே ஏறுகிற ஓ, கீழே சரிகிற ஓ,
பாதியில் வாயைப் பொத்திக்கொள்கிற ஓ.
வியாழனும் வெள்ளியும் மூன்றும் கலந்து வந்தது.
வெறும் பாருக்குக்கூட விசில்.
மோட்டார் இரைச்சலுக்கு நடுவே
நானும் ஒருமுறை விசிலடித்தேன், யாருக்கென்று தெரியாமல்.

சனிக்கிழமை வடக்கிலிருந்து ஷமால் வந்தது.
பிற்பகல் முழுக்க ஒரு ஓ-வும் இல்லை.
கடைசியில் ஒரு சிரிப்பு கேட்டது,
பஸ் ஸ்டாப்பில் ஒருவர் வழுக்கி விழுந்தால்
முந்திக்கொண்டு வருமே, அந்தச் சிரிப்பு.

அமைதிப் பலகை பிடிக்கிற காயல்பட்டினத்து ஜெய்லானி
தண்ணீர் குடிக்க வந்தான். உதட்டில் மணல்.
"கொடிக்குப் பக்கத்துலேயே இறக்குறான்ப்பா,
பந்து நிக்க மாட்டேங்குது, ஓடிப்போய் குட்டையில விழுது.
ஒழுங்கா அடிச்சவனும் குட்டையில,
கண்டபடி அடிச்சவனும் அதே குட்டையில.
இதுக்கு எதுக்கு நான் பலகை பிடிக்கணும்?"

ராத்திரி ஹெண்ட்ரிக்கின் செய்தி:
மூன்று நிமிடம். அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம்.

இரண்டு என்றால் கல். நாலு என்றால் மெத்தை.
ஃபோன் வெளிச்சத்தில் விநாடி ஓடுவதைப் பார்த்தபடி
குழாய்மேல் கை வைத்து நின்றேன்.
மூன்று முடிந்தது.
கை உடனே திரும்பவில்லை.
பத்து விநாடி இருக்கும்.
எதற்கு என்று இன்றுவரை எனக்கும் தெரியாது.

ஞாயிறு மாலை அறையைப் பூட்டிவிட்டு
மணல் வாரும் கோலோடு வேலியோரம் நின்றேன்.
கோலோடு நிற்பவனை யாரும் விரட்டுவதில்லை.
எஸ்கில் என்ற டென்மார்க்காரன்,
கணுக்கால் புதைகிற என் புல்லில்.
பந்து எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது.
தோளையே பிடுங்கி எறிவது போல் அடித்தான்.
பந்து விழுந்தது, ஒருமுறை துள்ளியது,
குட்டைப் பக்கம் சரிந்து
விளிம்பில்
யோசித்தது.

நின்றது.

இன்னும் எட்டடி இருந்தது.
ஜெய்லானி பலகையைத் தூக்கினான்; தேவையே இல்லை,
அலையாத்திக் காட்டில் ஒரு கொக்குகூட வாய் திறக்கவில்லை.
குழியை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போனது.
பார். அவ்வளவுதான்.
கணக்கில் ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை.
ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே,
பலகையைத் தலைகீழாகப் பிடித்தபடி
ஜெய்லானியே கத்திக்கொண்டிருந்தான்.

எஸ்கில் அடுத்த குழியில் தோற்றான்.

திங்கள் காலை ரஃப்பை வெட்டினோம்.
பதினோரு பந்து கிடைத்தது.
வால்வை முழுசாகத் திறந்துவிட்டேன், இருபது நிமிடம்.
பதினேழாம் கிரீனில் தேங்கிய தண்ணீரில்
நாலு மைனா குளித்தன.
பார்க்க ஆள் இல்லை.